மூன்று மிசினும் ஒரு கவுளியும்

நல்லூரில் கருப்புசாமியின் வீட்டுக்கும், பனியன் துணி பின்னும் ஜெயபாண்டியின் நிட்டிங் ஷெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். செங்கல் சுவர்தான். ஆனால் பக்கத்தில் மிசின் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அது தன் குணத்தை மாற்றிக்கொண்டது. முதுகைச் சாய்த்தால் உடம்பைப் பிடித்துவிடும். கன்னத்தைச் சாய்த்தால் பல் விழுந்துவிடும்.

ஜெயபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பனியன் கம்பெனிகளில் கூலிக்கு மிசின் ஓட்டி, ஒருவழியாகச் சொந்தத்தில் ஒன்றை வாங்கி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நிறுத்தினான். ஆள் தங்கம். சத்தம்தான் எமன். முதல் வாரத்திலேயே கருப்புசாமியின் மனைவி மயிலாள் மோர் கடைவதை விட்டுவிட்டாள். தயிர்ச் சட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டுக் குளித்து வந்தால் வெண்ணெய் தானாக மேலே மிதந்தது. அடுத்த வாரம் அம்மிக்குழவி சமையலறையிலிருந்து புறப்பட்டு வாசற்படி வரை வந்து, வெளியே போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. தினக் காலண்டரின் தாள்கள் ஆட்டத்தில் தாமாகக் கழன்று விழுந்ததால், ஊரெல்லாம் ஐப்பசி நடக்கையில் அந்த வீட்டில் மட்டும் கார்த்திகை பிறந்துவிட்டது. மயிலாள் வாசலில் வரிசையாக விளக்கு வைத்ததைப் பார்த்து எதிர்வீட்டு வெள்ளையம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதையெல்லாம் கருப்புசாமி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மகள் நிர்மலாவின் கல்யாணம் தட்டிப்போவதுதான்.

அவர்கள் சொந்தபந்தத்தில் ஒரு வழக்கம். ஜாதகம் பொருந்தினாலும், பெண்ணும் மாப்பிள்ளையும் பிடித்திருக்கிறது என்று தலையை ஆட்டினாலும், மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து கவுளி கேட்க வேண்டும். சுவரில் இருக்கும் பல்லி சத்தம் கொடுத்தால் குலதெய்வம் சரி என்றது என்று பொருள். உடனே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வார்கள். பல்லி சொல்லாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தகப்பன் தன் காதால் கேட்க வேண்டும் என்பது முக்கியம்.

கருப்புசாமி வீட்டில் பல்லிக்குக் குறைவில்லை. டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒன்று குடியிருந்தது. மிசின் அதிர்வில் கொசுக்கள் மயங்கி விழ, அது வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாலே போதும் என்று ஆகி, ஓணான் அளவுக்குக் கொழுத்திருந்தது. அது கத்தினால் அவிநாசி வரை கேட்க வேண்டும். ஆனால் மிசின் சத்தத்தில் எதிரில் நிற்பவர் கத்துவதே கேட்காது. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த முதல் சம்பந்தக்காரர் காதுக்குக் கையை அணை கட்டிக்கொண்டு பொழுது சாயும் வரை உட்கார்ந்துவிட்டு, "கவுளி வரங் குடுக்கலீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லவில்லையா என்றால், சொன்னார். கருப்புசாமி சொல்கிற விதத்தில் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, மிசின் ரொம்ப நல்லா ஓடுதுங்களாட்ட இருக்குது?"

"எல்லாம் நீங்க குடுக்குற தைரியந்தாண்ணே!" என்று ஜெயபாண்டி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாதம் திரும்பவில்லை, இரண்டாவது மிசின் வந்து இறங்கியது.

கருப்புசாமி திடுக்கிட்டுப் போனார். கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மறுபடி போனார்.

"தம்பி, ராத்திரிக்குமுங்கூட ஓடுமுங்களா இது?"

ஜெயபாண்டி யோசித்தான். "நல்ல ரோசனைண்ணே. எனக்குத் தோணல பாத்தீங்களா?" அன்றிலிருந்து நைட் ஷிப்ட் ஆரம்பித்தது. கூடவே மூன்றாவது மிசின். நன்றிக்கு அடையாளமாக அவர் வீட்டுக்கு ஒரு டஜன் பனியனும் வந்தது.

"நீங்க இனி அந்தப் பக்கமே போவாதீங்க" என்றாள் மயிலாள். "இன்னொருக்கா போனீங்கன்னா நம்மூட்டுக்குள்ளயே மிசின் போட்டுருவான்."

கருப்புசாமிக்கு ஒரு யோசனை வந்தது. பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குக் காங்கயத்துச் சம்பந்தத்தை வரச் சொன்னார். காலையில் தெருவே அமைதியானது. சந்தோஷத்தில் அவர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்: "கரண்ட் இல்லீங்களே தம்பி, பாவமுங்க."

காங்கயத்துக்காரர் கூடத்தில் உட்கார்ந்தார். டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி தலையை நீட்டியது. தொண்டையை உப்பியது. வாயைத் திறந்தது. அந்த நொடியில் சுவருக்கு அப்பால் பேய் பிடித்தது போல ஒன்று உறுமியது. காங்கயத்துக்காரர் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார். மதிலுக்கு மேல் ஜெயபாண்டியின் தலை தெரிந்தது.

"அண்ணே, நீங்க வருத்தப்பட்டீங்களேன்னு ஒடனே வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துட்டு வந்துட்டேன்!"

காங்கயத்துக்காரர் ஈர வேட்டியோடு எழுந்து போனார். 

அதன் பிறகுதான் ஈஸ்வரமூர்த்தி வீட்டுச் சம்பந்தம் வந்தது. அவிநாசிக்காரர். பையன் தமிழ்செல்வன், டையிங் கம்பெனி ஒன்றில் சாய மாஸ்டர். நிர்மலா அவனைக் கோயிலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, கேட்பதற்கு முன்பே "பரவாயில்லீங்கம்மா" என்றாள். முந்தைய இரண்டு பேருக்கும் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கவுளி கேட்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இதும் போச்சுன்னா இந்தூட்டுக்கு இனி ஆரும் படியேற மாட்டாங்க" என்று மயிலாள் முந்தானையை எடுத்தாள்.

நிர்மலா எழுந்தாள். விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஜெயபாண்டியின் மனைவி நாகஜோதி ஷெட் வாசலில் நூல் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகோணுமா வேண்டாமா?" என்று மிசினுக்கு மேல் கத்தினாள்.

நாகஜோதியின் கையிலிருந்த கோன் உருண்டோடியது. விஷயம் முழுக்கக் கேட்டதும் அவள் புருஷனைத் தேடிப் போன வேகத்தில் மூன்று மிசினும் ஒரு சுற்று மறந்து நின்றன என்று ஓட்டுகிற ஆட்கள் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

ஜெயபாண்டி கருப்புசாமி வீட்டுக்கு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"என்னண்ணே இது? பொம்பளப் புள்ள வாழ்க்கைண்ணே! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னனுங்களே தம்பி."

"எங்கண்ணே சொன்னீங்க? மிசின் நல்லா ஓடுதான்னு கேட்டீங்க!"

"அதானுங்க சொன்னது."

ஜெயபாண்டி அவரைப் பார்த்தான். பிறகு மயிலாளைப் பார்த்தான். "மதுரைப் பக்கம் இந்நேரம் கல்ல விட்டு எறிஞ்சிருப்பாங்கண்ணே, எனக்கும் புரிஞ்சிருக்கும்" என்றான். நடுவில் நிறுத்தினால் துணியில் கோடு விழுந்துவிடும், அதை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே ஞாயிறு காலை மூன்று மிசினிலும் ரோல் முடிகிற மாதிரி பார்த்து நிறுத்துகிறேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். நிறுத்துவது இத்தனை சுலபம் என்பதே கருப்புசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக மிசின்கள் அடங்கின. கடைசி மிசின் நின்றதும் கருப்புசாமி கூடத்தில் தடுக்கி விழுந்தார். ஆடாத தரையில் நடந்து அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மயிலாள் எப்போதும் கத்துவது போல, "காப்பித்தூள் எங்கீங்க?" என்று கேட்டாள். மூன்று தெருவிலிருந்து பதில் வந்தது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் அந்த வீட்டில் தெரிந்துகொண்டார்கள்.

ஈஸ்வரமூர்த்தி வந்தார். பெரிய மீசை, வெள்ளை வேட்டி. கூட மனைவி பொன்னாத்தாள், மகன் தமிழ்செல்வன். கருப்புசாமி கும்பிட்டு, "வாங்க சாமி, வழியில செரமமொண்ணும் இல்லீங்களே?" என்றார். ஈஸ்வரமூர்த்தி பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "காப்பி சாப்புடறீங்களா, மோருங்களா?" அதற்கும் தலையசைத்தார். பெரிய மனிதர், அதிகம் பேசமாட்டார் போலிருக்கிறது என்று கருப்புசாமி இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. சுவருக்கு அப்பால் ஜெயபாண்டியும் நாகஜோதியும் ஆட்களும் காதைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்பது இங்கே தெரிந்தது.

பல்லி வெளியே வந்தது. இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்ததோ என்னவோ, கிழக்குச் சுவரில் நின்று ஒரு கத்துக் கத்தியது பாருங்கள். க்ளுக், க்ளுக், க்ளுக், க்ளுக். தட்டிலிருந்த வெற்றிலை ஆடியது. எதிர்வீட்டு வெள்ளையம்மாள் தெளிவாகக் கேட்டு, நல்ல சகுனமென்று தன் வீட்டு நிலையில் விரலால் தட்டினாள். சுவருக்கு அப்பால் "ஆத்தா! காப்பாத்திட்ட!" என்று ஜெயபாண்டி கத்த, நாகஜோதி அவன் வாயைப் பொத்துவதும் கேட்டது. மயிலாளின் கண்ணில் நீர். கருப்புசாமி வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஈஸ்வரமூர்த்தி அசையவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு எழுந்து, தோளில் துண்டைப் போட்டார்.

"கவுளி சொல்லக் காணமுங்களே. நம்ம கையில என்ன இருக்குது? வாரமுங்க."

கருப்புசாமியின் கையிலிருந்த தட்டு சரிந்தது. 

"சொல்லுச்சுங்களே சாமி! ஊரே கேட்டுதுங்களே!"

பொன்னாத்தாள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்து, விரலால் பல்லி மாதிரி செய்து காட்டினாள். "சொல்லிருச்சுங்கறேன்!"

"நீ சும்மா கெட. எங்காதுல உழுகோணும். நீ கேட்டா அது கவுளியா?"

அறைக்குள் நிர்மலாவின் வளையல் சத்தம் நின்றது. தமிழ்செல்வன் எழுந்து கருப்புசாமியின் பக்கத்தில் வந்தான். கழுத்து வரை வெட்கம்.

"மாமா, ஒண்ணு சொன்னா வெளிய சொல்லிராதீங்க. அப்பாவுக்குக் காது கேக்காதுங்க."

"என்ன கண்ணு சொல்றே?"

"காலமெல்லாம் நிட்டிங் கம்பெனியில மிசின் பழுது பாக்கற பிட்டருங்க. மிசின் ஓடுனாத்தான் அவுருக்குக் கேக்கும். சத்தமில்லாத எடத்துல வெடி வெச்சாலும் கேக்காது. மிசின் ஓடறப்ப எந்த ஊசி ஒடஞ்சுதுன்னு தெருவுல நின்னு சொல்லுவாரு. பக்கத்துல மிசின் இருக்குதுன்னு சொன்னதுனாலதானுங்க தைரியமா வந்தோம்."

கருப்புசாமி அவனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அதற்குள் ஈஸ்வரமூர்த்தி ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார். அறைக் கதவு படீரென்று திறந்தது. பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக நிர்மலா நின்றாள்.

"அப்பா! இன்னியும் நின்னுட்டிருக்கீங்க? ஓடுங்க!"

கருப்புசாமி ஓடினார். கேட் வழியாகச் சுற்றிப் போக நேரமில்லை என்று மதிலைத் தாண்டினார். அறுபதைத் தொடுகிறவர், வேட்டியோடு தாண்டினார். ஷெட்டுக்குள் ஜெயபாண்டி வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினான்.

"போடுங்க தம்பி! மிசினப் போடுங்க!"

"அண்ணே?"

"மூணையும் போடுங்க! அந்த ஜெனரேட்டர் இருந்தா அதையும் போடுங்க!"

"அண்ணே, நீங்க என்ன அர்த்தத்துல சொல்றீங்கன்னு மொதல்ல சொல்லிருங்க!"

"ஓட்டோணுமுன்னு அர்த்தமுங்க!" என்று கருப்புசாமி அலறினார். பிறந்ததிலிருந்து அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

மூன்று மிசினும் வேகம் பிடித்தன. வீடு பழையபடி நடுங்கியது. கருப்புசாமி மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, வாசலில் ஈஸ்வரமூர்த்தி ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். முகம் சூரியகாந்தி மாதிரி விரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்னாத்தாள் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னையா செவுட்டுப் பொணமுங்கறே?" என்றார் அவர் அன்பாக.

பொன்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டதே இல்லை என்ற நம்பிக்கையில் அவள் எவ்வளவோ முணுமுணுத்திருந்தாள்.

இனி பல்லி பேச வேண்டும். ஒரே நாளில் இரண்டு தடவை எந்தப் பல்லி சொல்லும்? மயிலாள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். யார் காதிலும் மிசினைத் தவிர வேறொன்றும் விழவில்லை. கருப்புசாமி கிழக்குச் சுவரைக் கண் கொட்டாமல் பார்த்தார். பல்லியின் தொண்டை ஏறி இறங்கியது. அதே நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி நாற்காலிக் கையில் விரலால் தட்டினார்.

"சொல்லிருச்சுங்க. கெழக்குச் செவுரு. நல்ல கவுளி." பிறகு சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்து, "நடு மிசின்ல ஒரு ஊசி ஒடஞ்சிருக்குது, பையன்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

வெற்றிலை பாக்கு மாறியது. மயிலாளும் பொன்னாத்தாளும் ஒருவருக்கொருவர் குங்குமம் வைத்துக்கொண்டார்கள். ஷெட்டில் போய்ப் பார்த்த ஜெயபாண்டி, கையில் உடைந்த ஊசியோடு வந்து கூடத்து வாசலில் அதை உயர்த்திக் காட்டினான். நிர்மலா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஈஸ்வரமூர்த்தி அவளிடம் படித்தது, சமைப்பது எல்லாம் விசாரித்து, பதிலையெல்லாம் காது குளிரக் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"வேலைய உட்டு ஊட்டுல குந்துனதுலருந்து ஒரு மனுசன் பேச்சு எங்காதுல உழுகலீங்க சம்பந்தி. செத்தவனாட்டத்தான் இருந்தேன். இன்னிக்கு இந்தூட்டுலதான் உசுரு வந்துச்சு."

"சந்தோசமுங்க" என்று கருப்புசாமி கத்தினார்.

"கத்தாதீங்க, நல்லா கேக்குது. ஏனுங்க, உங்கூட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக் கெடக்குதே எடம், ஆருதுங்க?"

"அடுத்த தெரு தெய்வாத்தாளுதுங்க. விக்கறதுக்குத்தான் ஆள் பாக்குறாங்க."

"அப்ப முடிச்சிருங்க. அவிநாசி ஊட்டை வித்துப்போட்டு இங்கயே வந்தர்றோம். புள்ளயும் அம்மா ஊட்டுக்குப் பக்கத்துலயே இருந்துக்கும். செவுரு ஒட்டி ஒரு ஷெட்டு. பழைய மிசின் நாலு எனக்குத் தெரிஞ்ச எடத்துல இருக்குது. நல்ல சத்தமுங்க அதெல்லாம். இப்பத்தப் புது மிசினாட்ட ஊமையில்லீங்க."

கருப்புசாமிக்கு அந்தப் பக்கத்துச் சுவர் ஞாபகம் வந்தது. அவருடைய கட்டில் அந்தச் சுவரோரம்தான் இருந்தது, அந்த வீட்டில் தூங்க முடிந்த ஒரே இடம். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நான்கு, நடுவே தானும் மயிலாளும் ஒரு பல்லியும்.  அப்பன்மார் வாயைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நிர்மலாவும் தூணோரம் தமிழ்செல்வனும் நின்றார்கள். மயிலாள் பின்னாலிருந்து அவர் இடுப்பில் ஒரு குத்து விட்டாள்.

நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். இன்றைக்கு ஒரு தடவை சொல்லிப் பழகியும் இருந்தார்.

"நாலும் நல்லா ஓடுமுங்களா சம்பந்தி?" என்று வந்தது.

ஈஸ்வரமூர்த்தி நெகிழ்ந்துபோய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இவ்வளவு ஆசையாக் கேக்கறீங்க" என்றார். "அஞ்சாப் போட்டுக்கலாமுங்க."