லண்டன் ஆட்சிக்கு ஒரு நேர்த்தி

புஷ்பவதியின் கனவில் பிரித்தானிய அரசாங்கம் ஒரு மனிதராகத்தான் வரும். கறுப்புக் கோட்டு, கையில் குடை, முகம் மட்டும் சரியாகத் தெரியாது. அவள் வாழும் ஆக்லாந்தில், ஹென்டர்சன் ஸ்டேஷனில் இறங்கி, பனிமூட்டத்துக்குள்ளால் அவளுடைய தெருவுக்கு ஏறி வருவார். அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி, அவளுடைய புருஷன் ஏரம்பமூர்த்தி நடந்து வருவான். வாசல் கேட்டைத் தொடப்போகிற நேரம் அவளுக்கு விழிப்பு வந்துவிடும்.

இரவில் அவளுக்குக் கனவு வராது, அடித்துப்போட்ட தூக்கம். பென்ரோசில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலை முடிந்து, வீடு திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் தலை சாய்த்தால்தான் வரும். ரயிலின் ஆட்டத்துக்கும் அந்தக் கனவுக்கும் ஏதோ உறவு இருந்தது. சிலநாள் ஹென்டர்சனைத் தாண்டியும் போயிருக்கிறாள்.

கனவில் வந்து நடக்க அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், அதற்கு ஏரம்பமூர்த்திதான் பொறுப்பு. தொண்ணூற்று நான்கில் ஒரு ஏஜென்சிக்காரன் அவனை லண்டனில் கொண்டுபோய் இறக்கினான். அடுத்த வருஷம், ஆக்லாந்தில் எஞ்சினியராக இருந்த அவளுடைய அண்ணன் சபாரத்தினம், அவளையும் குழந்தை பிரணவியையும் இங்கே எடுப்பித்தார். யாருக்கு முதலில் வழி திறக்கிறதோ அவர் மற்றவரைக் கூப்பிடுவது என்று கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். வழி திறந்தது புஷ்பவதிக்குத்தான். அவள் கூப்பிட்டால், புருஷன் என்ற முறையில் அவன் இங்கே வரலாம். அவள் கூப்பிடவில்லை. லண்டன் என்று புறப்பட்ட ஆம்பிளையைப் பெண்சாதியின் விசாவில் வா என்று எந்த வாயால் சொல்வது? அவனுடைய ரோஷம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலைகளில் அவனுக்குப் போன் எடுப்பாள். இங்கே விடிந்திருக்கும், அங்கே வெள்ளி இரவு. பிரணவிக்கு அது ஒரு பெரிய அதிசயம். அப்பா எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாராவது கேட்டால், “யெஸ்டர்டே” என்பாள். அது ஒரு ஊர் என்றே அந்தப் பிள்ளை நம்பியிருந்தது.

“என்னவாம் அவங்கள்?” என்று கேட்பாள் புஷ்பவதி. அவங்கள் என்றால் அரசாங்கம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா என்று அதற்குப் பொருள்.

“ஒண்டும் இல்லை. பதினெட்டு வருசமா இந்த ஒரு கட்சிதான் ஆளுது. இவங்கள் தொலைஞ்சாத்தான் எங்களுக்கு விடிவு. மற்றக் கட்சி வந்தா அகதிப் பேப்பர் நிச்சயம். பிறகு நீரும் பிள்ளையும் இஞ்ச வந்திடலாம்.”

அந்த நிச்சயத்தை அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்றால், குறிப்பாக ஒருவரும் கொடுக்கவில்லை. எல்லோரும் சொன்னார்கள், அவ்வளவுதான். அவன் வேலை செய்த பெட்ரோல் ஸ்டேஷனுக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் அதே ஆசையோடுதான் இருந்தார்கள். ஊர் முழுக்க ஒரே கனவைக் காணும்போது, அது கனவு என்று யாருக்குத் தோன்றும்?

புஷ்பவதியும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் தமிழர்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில், மேசைமேல் பட்டுத்துணி விரித்து ஒரு பிள்ளையாரை வைப்பார்கள். பூசை முடிந்ததும் அவர் பெட்டிக்குள் போய்விடுவார். அந்தப் பிள்ளையார் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, “அப்பனே, லண்டனில ஆட்சி மாறவேணும். மாறினா இருபத்தொரு தேங்காய் உடைக்கிறன்” என்று நேர்ந்துவிட்டாள். உலகத்தில் எத்தனையோ பேர் அந்தத் தேர்தலுக்கு வேலை செய்திருப்பார்கள். தேங்காய் நேர்ந்தவள் இவளாகத்தான் இருப்பாள்.

தொண்ணூற்றேழு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பகல். பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவே ரேடியோ சொன்னது, லண்டனில் ஆட்சி மாறிவிட்டது என்று. புஷ்பவதி அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அவளோடு வேலை செய்யும் மலேசியாக்காரி செல்வி, தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அன்று பின்னேரமே தன் காரில் ஏற்றிக்கொண்டு, சமோவாக்காரர் கடையில் தேங்காய் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மண்டபத்துக் கார் பார்க்கில் ஒரு கல்லை வைத்துத் தேங்காய்களை உடைத்தார்கள். என்னவோ இடிகிறது என்று ஓடிவந்த மண்டபக் காவலாளியின் கையிலும் ஒரு தேங்காய்த் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் போனில் ஏரம்பமூர்த்தியின் குரலே வேறு மாதிரி இருந்தது. விடியற்காலையில் பெட்ரோல் அடிக்க வந்த ஒரு கிழவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வென்ற கட்சியின் சின்னமாகக் கோட்டில் குத்தியிருந்த சிவப்பு ரோசாப்பூவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாராம். ‘இது இனி உன் நாடும்தான்’ என்றாராம். அந்த வாரம் ரயில் கனவில் குடைக்காரர் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே தெருவில் ஏறி வந்தார்.

அதற்குப் பிறகுதான் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

மாதங்கள் போயின. “என்னவாம் அவங்கள்?” என்றால், “புது ஆக்கள் தானே, கொஞ்சம் பொறும்” என்றான். பிறகு, “பாப்பம்” என்றான். தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்குக் கொடுக்கும் உதவியை வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. ரோசாப்பூக் கிழவரின் மகள் அப்படி ஒரு தாய். கிழவர் இப்போது பூவும் குத்துவதில்லை, பேச்சும் இல்லை. பெட்ரோலை அடித்துவிட்டுப் போய்விடுகிறாராம். அடுத்த வருஷ நடுவில், அகதிகளுக்கு இனிக் காசு இல்லை, கூப்பன்தான், லண்டனில் இருக்கவும் விடமாட்டார்கள் என்று கதை அடிபட்டது.

“இராமன் ஆண்டா என்ன, இராவணன் ஆண்டா என்ன” என்றான் ஏரம்பமூர்த்தி.

அந்த வாரம் ரயிலில் குடைக்காரர் வந்தார். கையில் குடை மட்டும் இருந்தது. மற்றக் கை காலியாக இருந்தது. அவளுடைய வீட்டைத் திரும்பியும் பார்க்காமல் தெருவைக் கடந்து பனிக்குள் போய்விட்டார். திடுக்கிட்டு விழித்தபோது ஸ்டேஷன் இரண்டு தாண்டியிருந்தது. புஷ்பவதிக்கு ஆத்திரம் பொங்கியது. அரசாங்கத்தின் மேல் இல்லை, பிள்ளையார் மேல்.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனவள் கும்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே வந்து கார் பார்க்கில் செல்வியிடம் கொட்டித் தீர்த்தாள்.

“இருபத்தொரு தேங்காயையும் வாங்கிக்கொண்டு என்னை ஏமாத்திப்போட்டார்.”

செல்வி கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டாள். “அக்கா, நீங்க சாமிகிட்ட என்ன கேட்டீங்க?”

“லண்டனில ஆட்சி மாறவேணும் எண்டு.”

“மாறிச்சில்ல? அவரு கரெக்டா செஞ்சிட்டாருலா. புருஷன் வேணும்னு கேட்டீங்களா?”

புஷ்பவதி காருக்குள் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள்.

“சாமிய விடுங்க. மாமாகிட்ட கேட்டீங்களா, வந்திடுங்கன்னு?”

கார் வீட்டை நோக்கிப் போனது. ஹெட்லைட் வெளிச்சத்தில் பனி புகையாய் விலகி விலகி வழிவிட்டது. மூன்று வருஷம். எத்தனை சனிக்கிழமை! விண்ணப்பம் கேட்டாள், தேர்தல் கேட்டாள், சாப்பாடு கேட்டாள், சளி கேட்டாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை. தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அழுகை இரண்டையும் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை, வெளியே பனியில் எதிர்வீடு தெரியவில்லை. போன் கார்டைச் சுரண்டி, எண்களை அழுத்தினாள். பிரணவி பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

“இஞ்சேருங்கோ” என்றாள்.

“புதுசா ஒண்டும் இல்லை, புஷ்பம். அவங்கள்—”

“நான் அவங்களைக் கேக்கேல்லை. உங்களைத்தான் கேக்கிறன். வெளிக்கிட்டு இஞ்ச வாங்கோ. நான் கூப்பிடுறன். எனக்கு நீங்கள் வேணும்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தாள். ரோஷத்தில் போனை வைத்துவிட்டானோ என்று அதைவிடப் பயந்தாள். பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“மூண்டு வருசத்தில நீர் ஒருக்காலும் வாங்கோ எண்டு சொல்லேல்லையே” என்றான். “ஒவ்வொரு சனியும் அவங்கள் என்ன சொல்லுறாங்கள் எண்டுதான் கேட்டனீர். அங்க அண்ணன் இருக்கிறார், வேலை இருக்கு, நான் தேவையில்லையாக்கும் எண்டு நினைச்சன். லண்டன் லண்டன் எண்டு நான் கதைச்சதெல்லாம் அதாலதான்.”

எந்த அரசாங்கமும் தடுக்காத ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டுபேர் நின்று, மற்றவர் தட்டட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். இதற்குப் பதினெட்டு வருஷ ஆட்சி கவிழ வேண்டியிருந்தது.

“அவங்களிட்டக் குடுத்த பாஸ்போட்டைத் திருப்பித் தாங்கோ எண்டு திங்கட்கிழமையே எழுதுறன்” என்றான்.

பிரணவி போனை இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

“அப்பா, ஈஸ் இட் ஸ்டில் யெஸ்டர்டே தேர்?”

“ஓம் குஞ்சு, இன்னும் நேற்றுத்தான்” என்றான் ஏரம்பமூர்த்தி. “அம்மா கூப்பிட்டிட்டா. அப்பா நேற்றில இருந்து இண்டைக்கு வாறன்.”