நீட்டிய கை

மலேசியாவின் கிள்ளான் நகரக் கல்யாண மண்டபத்தில் துர்காஷினியைக் கண்டதும் பரமேஸ் ஆன்டி வழக்கம்போல் கன்னத்தைக் கிள்ள வந்தார். டவுன் சிண்ட்ரோம் என்றால் இருபத்தாறு வயதிலும் குழந்தைதான் இவர்களுக்கு! அம்மா வசந்தி இத்தனை வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள்.

துர்காஷினி ஓரடி பின்னால் நகர்ந்தாள். பிடிக்காத தொடுதலை மறுக்கக் கற்றுத்தரும் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் ஆறு மாதமாகப் பழகியது அது.

"கன்னம் வேணாம் ஆன்டி. கை குடுக்கலாம்."

"என்ன வசந்தி, ஆசையாத்தானே கிள்ள வந்தேன் லா!" என்றார் ஆன்டி.

மன்னிப்புக் கேட்கத் திறந்த வாயை வசந்தி மூடிக்கொண்டாள். துர்காஷினி நீட்டிய கை இறங்கவே இல்லை. கடைசியில் ஆன்டிதான் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

வசந்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தவள் சட்டென்று நின்றாள்.

"அம்மா கட்டிப் பிடிக்கலாமா?"

துர்காஷினி சுற்றிலும் பார்த்தாள்.

"இவ்ளோ பேர் இருக்காங்கம்மா. கார்ல."