கெட்டுப்போன எலிகள்

விலங்குகளுக்கும் ஆர்வம் உண்டு என்று இப்போது ஆளாளுக்குப் புத்தகம் போடுகிறார்கள். அந்தக் காலத்தில், அமெரிக்காவின் அயோவாவில் நான் கூண்டு கழுவிய ஆய்வுக்கூடத்தில், எலிக்கு இருந்த ஒரே வேலை பசித்து ஓடுவது. பட்டினி போட்ட எலியை வளைந்து வளைந்து போகும் பாதையின் ஒரு முனையில் விடுவார்கள். மறுமுனையில் தீனி. நிற்காமல் ஓடினால் நல்ல எலி. நடுவில் நின்று மூலையை மோந்தால் கெட்டுப்போன எலி. அதைக் கணக்கில் சேர்க்காமல் கொன்றுவிடுவோம்.

பேராசிரியர் ஹால்வர்சனின் சட்டம் அது. பசி, தாகம், வலி இல்லாமல் எந்த உயிரும் அசையாது என்று எழுதியவர். வயிறு முட்டத் தின்றுவிட்டு, அடுத்த அறையில் யார் பேசுகிறார்கள் என்று கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறவரும் அவர்தான்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்த லைல் ப்ரூவிட், அந்தக் கெட்டுப்போன எலிகளைக் கேட்டு வாங்கினான். வயிறு நிறைந்தாலும் எலி புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும் என்பது அவன் ஆய்வு. பட்டம் கிடைக்காவிட்டால் அப்பாவின் பன்றிப் பண்ணைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பேராசிரியர் பார்வையிட வந்தார். எலிகள் மூலை மூலையாகத் திரிந்தன. தீனி போடாமல் ஏமாற்றிவிட்டதாக என்மேல் பழி போட்டார். அவர் கண்ணெதிரிலேயே போட்டேன். தின்று, மிச்சம் வைத்துவிட்டு, மறுபடி சுற்றக் கிளம்பின. பாதைக்குள்ளேயே தீனியை வைத்தார். ஓர் எலி அதன்மேல் ஏறி நின்று அவர் முகத்தை எட்டிப் பார்த்தது.

"இது எலியே இல்ல," என்றார்.

"பின்ன என்ன சார், முயலா?"

"உன்ன யாரு கேட்டா, கிளெம்? போய்க் கூண்டைக் கழுவு."

எலிகளுக்கு மூளைநோய் என்று லைல் எழுதித் தந்தால் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். லைல் கூண்டு கழுவும் இடத்துக்கு வந்து நின்றான்.

"ஒரே ஒரு அத்தியாயம்தான் கிளெம். பட்டம் வந்ததும் உண்மைய எழுதிடுவேன்."

"எழுதுவ தம்பி, எழுதுவ. அதுக்கப்புறம் வேலை நிரந்தரமாகட்டும்னு சொல்லுவ."

எழுதிக் கொடுத்தான். கையெழுத்து விழுந்தது. துறையே கூடிக் கேக் வெட்டியது.

நோய் என்று எழுதியாகிவிட்டதே, எலிகளை வைத்திருக்க முடியுமா? மறுநாள் அவனே கொல்லச் சொல்லி வந்தான். விஷவாயுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக விட்டேன். அவற்றுக்கு அது புது இடம். மூலை மூலையாக மோந்து பார்த்தன.

டாக்டர் லைல் ப்ரூவிட் அதைப் பார்க்க நிற்கவில்லை.