மூன்றாம் லைன் டேப்லெட்

வல்லம் வடகாலில் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலைக்காக, பெண்கள் புகார் எழுதும் இணையதளத்தை நான்தான் செய்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். வந்த புகார்களைக் காட்டும் பக்கம் மட்டும் அவற்றை விசாரிக்கும் கமிட்டியில் உள்ள இரண்டு பேருக்கு. வேறு யாராவது அந்த முகவரியைத் தட்டினால் லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும். என் லேப்டாப்பில் பத்துத் தடவை தட்டிப் பார்த்தேன். பத்துத் தடவையும் திருப்பியது.

கான்ட்ராக்டில் லைன் வேலை பார்க்கும் முத்துச்செல்வி நம்பவில்லை. "யக்கா, அந்தாளு கண்ணுல பட்டா நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றாள். அந்தாளு, அவளுடைய சூப்பர்வைசர் ராஜசேகர். பாத்ரூம் போகக் கேட்டால் இடுப்பில் கைவைத்துத்தான் பதில் சொல்வார்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் அவளையும் அவள் அறைத்தோழி லீலாவையும் மூன்றாம் லைனில் எல்லோரும் உற்பத்திக் கணக்கு பதியும் டேப்லெட்டுக்கு அழைத்துப் போனேன். முகவரியைத் தட்டினேன். ஒரு வெற்றுப் பக்கம் தெரிந்து, கொஞ்சம் நின்று, பிறகு லாகின் வந்தது.

"பாத்தியா, நான் செஞ்சது, நானே உள்ள போக முடியாது."

"மொதல்ல என்னமோ வந்துச்சே?" என்றாள் லீலா.

"பழைய டேப்லெட். மெதுவாத்தான் வரும்."

அப்போது உள்ளே ஒரு புகாரும் இல்லை. அதனால்தான் வெற்றுப் பக்கம். இது எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. அவர்கள் முன்னால் கெட்டிக்காரியாக நிற்பது பிடித்திருந்தது.

அன்று முத்துச்செல்வி சொல்லச் சொல்ல லீலா தன் போனில் புகாரை எழுதி அனுப்பினாள்.

நான்காம் நாள் காலை கேன்டீனில் ராஜசேகர் என் எதிரே தட்டை வைத்தார்.

"இன்னாம்மா பூட்டு போட்டுகீற நீ? தொறந்து காட்டிட்டு அப்பால மூடுது."

சிரித்துக்கொண்டே இட்லியைப் பிட்டார். நான் எழுந்து லைனுக்கு ஓடினேன். நான் தட்டிய முகவரி டேப்லெட்டிலேயே தங்கியிருந்தது. தொட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்வரை பக்கம் நின்றது. முதல் வரியில் முத்துச்செல்வி பெயர், பிறகு ராஜசேகர் பெயர். அப்புறம் லாகின்.

பக்கத்தை விரித்துவிட்டு அதன் பிறகே நீ யார் என்று கேட்கும்படி எழுதியிருந்தேன். புகார்களை அனுப்பும் சர்வர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முன்னால் ஒரு கதவு போதும் என்று விட்டிருந்தேன். என் லேப்டாப்பின் வேகத்தில் அந்த மூன்று விநாடி கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

மதியம் முத்துச்செல்வியின் கான்ட்ராக்ட் முடிந்ததாகச் சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே, சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, நீங்க யார்ட்டயும் சொன்னியளா?"

"நான் சொல்லல, முத்து."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "உங்கள சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. அப்ப லீலாதாம். தெரிஞ்சது நாம மூணு பேருதான. அவளுக்கு லைன் லீடர் ஆகணும்னு ஆச."

நான் சொன்னது உண்மை. அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப்லெட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்தக் கை என் கையை விட்டுவிடும். ஆட்டோக்காரர் இன்னும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார். எனக்கு நேரம் இருந்தது. ஒரு பையன் ஓடிவந்து ஏறினான், ஆட்டோ கிளம்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டேன். முதலில் கேட்கும், பிறகுதான் காட்டும், சர்வரும் கேட்கும். அரைமணி நேர வேலை. என்ன மாற்றினேன் என்று பதிய வேண்டிய இடத்தில், 'பழைய டேப்லெட்டில் வேகம் கூட்டப்பட்டது' என்று எழுதினேன்.

மறுநாள் லீலா என் மேஜைக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"யக்கா, முத்து எம் போன எடுக்கவே மாட்டேங்கா. நான் வாங்கித் தந்த கம்மல் ரெண்டையும் கழட்டி எங் கட்டில்ல வச்சிட்டுப் போயிருக்கா. நான் என்ன செஞ்சேன்? உங்கட்ட ஏதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

லீலா போகவில்லை. என் திரையில் திறந்திருந்த அந்தப் பழைய டேப்லெட் வரியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.