லிங்கராஜுக்குப் பொருந்திய முடி

பெண் பார்க்கப் போன இடமெல்லாம் தட்டிப்போகவே, ஜாதகத்தின் மேலிருந்த சந்தேகம் லிங்கராஜுக்குத் தன் தலைமுடி மேல் திரும்பியது. கோவில்பட்டி சலூன்களுக்கு வெளியே நின்று ஒரு வாரம் நோட்டம் விட்டான். உள்ளே போகிற முகத்தையும் வெளியே வருகிற முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாரிராஜ் கடையில் போய் உட்கார்ந்தான். மாரிராஜ் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரங்களை ஒட்ட வெட்டி, உச்சியில் மட்டும் அடர்த்தியாக விட்டான். கண்ணாடியில் தெரிந்தவனை லிங்கராஜுக்கே பிடித்துப்போயிற்று.

அடுத்து அவன் பெண் பார்க்கப் போன எட்டயபுரத்துச் சுதாராணிக்கும் பிடித்துப்போயிற்று. "அவிய ஹேர்ஸ்டைல் ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்று அவள் சொன்னதாகத் தரகர் போனில் சொன்னார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று.

சேதி கேட்டதும் அவன் அம்மா வேலுத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏலே, நாளைக்கே குலசாமி கோயிலுக்குப் போயிருவோம். பொண்ணு அமைஞ்சா உனக்கு மொட்டை போடுதேன்னு நேந்திருக்கேன்."

"எம்மா, பொண்ணு அமைஞ்சதே இந்த முடியாலதான்!"

"முடியும் சாமி குடுத்தது, பொண்ணும் சாமி குடுத்தது. எதைத் திருப்பிக் குடுக்கன்னு நீயே சொல்லுலே."