அனுபவம் என்ற இடத்தில் ஓர் அச்சகம்

1.
இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை, மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். கீழ்வீட்டுத் தங்கச்சி வந்து, "அக்கா, நீங்க கதையெல்லாம் எழுதுறீங்கல்ல, எனக்கு ஒரு பயோடேட்டா எழுதித் தாங்க" என்றாள். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. அது கிடைத்தால்தான் மகள் அவளிடம் இருப்பாள். சம்பளம் இல்லாத தாயிடம் பிள்ளையை விடக் கூடாது என்று கணவன் வழக்குப் போட்டிருக்கிறான்.

2.
முதல் வரி: "கடின உழைப்பும் நேர்மையும்..." (அடித்துவிட்டேன். ஊரே இப்படித்தான் ஆரம்பிக்கிறது.)

அடுத்தது: "இல்லத்தரசியாக இருந்தபோது நான்..."

"வேணாங்க்கா. அதைப் படிச்சதும் பேப்பரை ஓரமா வச்சிருவாங்க."

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் வராவிட்டால் போன் போட்டுச் சண்டை பிடிப்பவள் அவள்தான். லிஃப்ட் மெக்கானிக் அவள் குரலுக்குத்தான் வருவான். வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் முட்டிக்கொண்டால் நடுவில் நிற்பதும் அவளே. சம்பளம் கிடையாது, ஆகவே அது வேலை ஆகாதாம்.*

*இதையே எழுதியிருக்கலாம். எனக்கு இதில் கதை இருப்பதாகத் தோன்றவில்லை. என் புத்தி அப்படி.

3.
ஆகவே பயோடேட்டாவில் 'அனுபவம்' என்ற இடத்தில் ஓர் அச்சகத்தைக் கட்டினேன். அதில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு சிடுமூஞ்சி முதலாளியம்மா. முதலாளியம்மா நன்றாக வந்துவிட்ட குஷியில், விசாரிப்பதற்கென்று அந்த அம்மாவின் நம்பராக என் போன் நம்பரையே கொடுத்துவிட்டேன். கதை எழுதுகிறவளைத் தவிர யாரும் இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்யமாட்டார்கள்.

"கூப்பிட்டுக் கேட்டா என்னக்கா பண்றது?" என்றாள்.

"யாரு கேக்கப் போறா, போடி."

எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

4.
இன்று இன்டர்வியூ. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே போனாள். நான் உட்கார்ந்து இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வேலை கிடைக்கிறது. அதன்பிறகு கதவு தட்டும் ஓசை கேட்டாலே அவளுக்குத் திக்கென்கிறது. மற்றதில் கணவனின் வக்கீல் அந்த பயோடேட்டாவையே நீதிபதியிடம் நீட்டுகிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு

(போன் அடித்தது. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

5.
"பல் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறோம் மேடம். உங்க அச்சகத்துல வேலை பார்த்தவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஆள் எப்படிங்க?"

பொய்யை எழுதித்தான் பழக்கம், வாய்விட்டுச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் குழந்தை இப்போதே கைவிட்டுப் போகும். பொய்யைச் சொன்னால் என்றைக்கு வேண்டுமானாலும் போகும்.

"ஹலோ, மேடம், லைன்ல இருக்கீங்களா?"

வாசகரே, எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். இந்தாருங்கள், போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வது அவளுக்கும் கேட்கும். பார்த்துப் பேசுங்கள்.