தலைகீழாகப் பார்த்த முகம்

ஸ்டூடியோவில் அவளை எல்லாரும் டச்சப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டோவில் இருக்கும் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுப்பது அவள் வேலை. அதைவிட, மனிதர்களைச் சமாளிப்பதில்தான் கெட்டிக்காரி. காலையில் ஒருத்தி வந்து, முகம் என்ன இப்படி வீங்கிக் கிடக்கிறது என்று சண்டை பிடித்தால், சாயங்காலம் வாங்க, சரிபண்ணி வைக்கிறேன் என்பாள். படத்தில் கையே வைக்க மாட்டாள். சாயங்காலம், வீட்டுச் சண்டை எல்லாம் தீர்ந்து வந்தவள் அதே படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் என்னை மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாக வாங்கிப்போவாள். பார்க்கிறது கண் இல்லை, மனசு என்று டச்சப் அக்கா முதலாளிக்கே பாடம் எடுத்திருக்கிறாள். ஊருக்கு உபதேசம் செய்கிற எல்லாரையும் போல, அந்தப் பாடத்தைத் தன் வீட்டுக்கு மட்டும் எடுத்துப்போகவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை. இரண்டு பேரும் பேசி மூன்று வருஷமாகிறது. காரணம் ஒரு போட்டோ. அப்பா இறந்த அன்று, உடலை வண்டியில் ஏற்றும்போது சித்தப்பா மகன் போனில் எடுத்தது. வண்டிக் கதவைப் பிடித்தபடி அக்கா நிற்கிறாள். கொஞ்சம் தள்ளித் தங்கை, அக்கா பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். உதடு ஒரு பக்கமாக ஏறி, பல் லேசாகத் தெரிகிறது. அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவள் அக்கா; விருந்தாளி மாதிரி வந்து போனவள் தங்கை. அந்தச் சிரிப்புக்கு ஏளனம் என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? தங்கையின் முகத்தை மட்டும் பெரிதாக்கி அத்தை, பெரியம்மா என்று ஒருத்தர் விடாமல் காட்டினாள். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அவள் புருஷன் மட்டும், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சொல்லி, அன்று பூராவும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது தங்கை குடும்பத்தோடு வேறு தேசத்துக்குக் குடிபோகிறாள். நாளைக்கு விமானம். போவதற்குள் அக்காவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அக்கா புருஷனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வேலைக்கு வந்தவளுக்கு, ஸ்டூடியோவில் எதுவும் ஓடவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆடுகிற சதையை அடக்க அவளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். கோபம் குறைகிற மாதிரி இருந்தால் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்து ஏற்றிக்கொள்வாள். போனில் இருந்ததை இன்று கம்ப்யூட்டரில் போட்டு, தங்கை முகத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினாள்.

கை அதன் பழக்கத்தைச் செய்துவிட்டது. எந்தப் படத்தில் வேலை செய்தாலும் முதலில் அதைத் தலைகீழாக்கிக்கொள்வது அவள் வழக்கம். நேராக இருந்தால் முகம் பேச ஆரம்பித்துவிடும். கவிழ்த்துவிட்டால் வெறும் தோலும் நிழலும்தான், வேலை ஓடும். இப்போதும் படம் கவிழ்ந்தது. தங்கை திரையிலிருந்து போய்விட்டாள். வீங்கிச் சிவந்த இமைகள் இருந்தன. மோவாயில் முடிச்சு விழுந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அழுது முடித்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரைத் துடைத்து அனுப்பியிருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா? அவசரமாகப் படத்தை நேராக்கினாள். சிரிப்பைக் காணவில்லை. அதே உதடு, அதே பல், ஆனால் அழுகைதான் தெரிந்தது. முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

தங்கை வீட்டில் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. கூடம் முழுக்க டேப் ஒட்டிய அட்டைப் பெட்டிகள். கதவைத் திறந்த தங்கை ஒதுங்கி வழிவிட்டாள். அக்கா அந்தப் படத்தைத் திறந்து போனை அவள் கையில் திணித்து, நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். தன் கண்ணில்தான் கோளாறு, கட்டையில் போகிறவரை இந்தப் பாவம் தன்னை விடாது என்று என்னென்னவோ சொன்னாள்.

"நீ அழுதுட்டு நின்னதை, சிரிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்டி."

தங்கை சும்மா தலையாட்டியிருந்தால் போதும். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா," என்றாள். "சிரிச்சேன்."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்று வருஷத்துக் கோபமும் ஒரே மூச்சில் பொங்கி வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் தங்கை படத்தைச் சுருக்கி, கீழே நகர்த்தி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள். வண்டிக் கதவைப் பிடித்து நிற்கிற அக்காவின் கால்கள். ஒன்றில் அவளுடைய செருப்பு. மற்றதில் அப்பாவின் பழுப்புச் செருப்பு, குதிகாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"அவர் செருப்பை யாராவது தொட்டாலே கத்துவாரில்ல? இப்ப கத்தப்போறார்னு நினைச்சேன், சிரிப்பு வந்துடுச்சு. கத்த ஆள் இல்லன்னு அப்புறம்தான் உறைச்சுது. ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சுக்கா."

ஆயிரம் தடவை பார்த்த படம். அதில் தன் காலை அக்கா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்று எந்தச் செருப்பில் கால் நுழைத்தோம் என்ற நினைவே அவளுக்கு இல்லை.

"இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"எல்லார்கிட்டயும் காட்டின. என்கிட்ட நீ கேக்கவே இல்லையே."

தங்கை அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனாலேயே அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கண்ணீர் வந்ததைத் துடைக்கவில்லை. நாளைக்கு இந்நேரம் தங்கை ஆகாயத்தில் இருப்பாள்.

"இப்ப கேக்கறேன்," என்றாள். "அன்னைக்குக் காலையிலேருந்து சொல்லு."